கொல்லிமலைக்கு வழக்கு ஏறுகிறது, உரிமம் ஏறவில்லை

"கொல்லிமலையில் நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், ஒருவர் கைது." மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைப்பு. செய்தியும் நாலு வரிதான். ரோந்து சென்ற காவலர்கள், சந்தேகப்படும்படி நின்ற ஒருவர், உரிமம் இல்லாத ஒற்றைக்குழல் துப்பாக்கி, நீதிமன்றத்தில் ஆஜர், சிறை. சில சமயம் ஐந்தாவது வரியும் உண்டு: துப்பாக்கி செய்து கொடுத்த பட்டறைக்காரரும் கைது. இடையிடையே ஓர் அறிவிப்பு வரும். உரிமம் இல்லாத துப்பாக்கியைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லப்படும். கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டி, தளிப் பக்கக் காட்டோர ஊர்கள் என எங்கும் இதே கதைதான்.

அந்த நாலு வரிக்குள் வராத கேள்விகள் மூன்று. பிடிபட்டவர் முறைப்படி உரிமம் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? செய்து கொடுத்தவர் உரிமத்தோடு அந்தத் தொழிலைச் செய்ய யாராவது வழி சொன்னார்களா? உரிமம் பெற்ற ஒரு கடையில் போய் வாங்கவும் பழுது பார்க்கவும் மலைவாழ் மக்களுக்கு எட்டும் தூரத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது?

இந்தப் பத்தி துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் ஊரில் முதலில் பயப்பட வேண்டியவர்கள் பெண்களும் குழந்தைகளும். இரவில் விலங்கென்று நினைத்து மனிதரையே சுட்டுவிட்ட சோகம் மலைகளுக்குப் புதிதல்ல. நாம் கேட்பது வேறு. ஒரே சட்டத்தில் தண்டனைப் பகுதியும் இருக்கிறது, உரிமைப் பகுதியும் இருக்கிறது. தண்டனைப் பகுதி மட்டும் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே வருகிறதே, உரிமைப் பகுதி ஏன் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது?

பட்டறைக்கு ஏழாண்டு

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொண்டு வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டலாம்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைச் சில அரசு ஆவணங்கள் படைக்கலச் சட்டம் என்றும் எழுதும். இதன் 3ஆவது பிரிவு, துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்கிறது. 5ஆவது பிரிவு, துப்பாக்கி செய்யவும், விற்கவும், கைமாற்றவும், மாற்றியமைக்கவும், பழுது பார்க்கவும், விற்பனைக்கு வைத்திருக்கவும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. முதலாவது வைத்திருப்பவருக்கு, இரண்டாவது தொழில் செய்பவருக்கு. துப்பாக்கிக் கடைக்காரர் வாங்குகிற உரிமம் இந்த 5ஆவது பிரிவின் கீழ் வருவது.

2019 டிசம்பரில் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இருந்த சிறைத் தண்டனை, இப்போது இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை. உரிமம் இல்லாமல் செய்தாலோ விற்றாலோ பழுது பார்த்தாலோ முன்பு மூன்று முதல் ஏழாண்டு. இப்போது குறைந்தபட்சமே ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள்.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆயுதக் கடத்தல் கும்பலை நினைத்துக்கொண்டு நாடாளுமன்றம் தண்டனையை உயர்த்தியது. அதில் தவறு காண முடியாது. ஆனால் அரிவாள், மண்வெட்டி, கொழு அடிக்கிற மலைப் பட்டறைக்காரர் ஒருவர், பக்கத்து ஊர்க்காரர் கொண்டுவந்த பழைய துப்பாக்கியின் விசையைச் சில நூறு ரூபாய்க்குச் சரிசெய்து கொடுத்தால், அவர் மீதும் அதே பிரிவுதான். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்து விற்பவனுக்கும் இவருக்கும் சட்டப் புத்தகத்தில் ஒரே வரி. ஆயுள் வரை தண்டனை தரக்கூடிய குற்றம் என்பதால் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்று கூறிப் பிணை கேட்பதற்கே 90 நாள் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் மிளகு பறிப்பு போகும், கூலி போகும், பிள்ளைகளின் படிப்பு ஆட்டம் காணும்.

வழக்கு என்பது சிறையோடு முடிவதும் இல்லை. சீருடைப் பணிக்குத் தேர்வு எழுதும் இளைஞர் மீது இப்படி ஒரு வழக்கு இருந்தால், எழுத்துத் தேர்விலும் உடல் தகுதியிலும் வென்றாலும் காவல் சரிபார்ப்பில் நின்றுவிடுவார். முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் பழங்குடிக் குடும்பத்துக்கு இது எத்தனை பெரிய இழப்பு என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஏழைக்கும் உண்டு என்கிறது சட்டம்

இனி சட்டத்தின் மறுபக்கம். இது பலருக்கும் சொல்லப்படாத பக்கம்.

13ஆவது பிரிவு சொல்வது: பயிரைக் காக்கும் உண்மையான தேவைக்காக, குழலின் வாய்வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால், மறுக்கச் சட்டப்படியான காரணம் இல்லாத நிலையில், உரிமம் தர வேண்டும். மருந்து இடிக்கும் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தெளிவானால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். அதாவது கொல்லிமலைக்காரர் எந்த வகைத் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்ததற்காகப் பிடிக்கப்படுகிறாரோ, அதே வகைக்குத்தான் நாட்டின் சட்டம் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறது.

14ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவு இன்னும் முக்கியமானது. விண்ணப்பித்தவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. பட்டா இல்லையா, வரி கட்டிய ரசீது இல்லையா, வங்கியில் பணம் இல்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் எந்த அலுவலகத்திலும் இந்த வரியை எடுத்துக் காட்டலாம். அதே பிரிவின் 3ஆவது உட்பிரிவு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும் என்கிறது. பொதுநலன் கருதி வெளியிட முடியாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே இதற்கு விலக்கு. 18ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. உத்தரவு வந்த 30 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். வாய்மொழியாக "அதெல்லாம் கிடைக்காதுப்பா" என்று சொல்லி அனுப்புவது உத்தரவு ஆகாது. அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்ய முடியாது. அதனால்தான் வாய்மொழி மறுப்பு அதிகாரிகளுக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது.

விண்ணப்பிப்பவருக்கும் கடமைகள் உண்டு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்தின் அறிக்கை வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், தனிநபர் உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும். ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் இருக்க வேண்டும். இவை எல்லாம் நியாயமான நிபந்தனைகள். ஆனால் செம்மேட்டிலிருந்து மலையிறங்கி, சேந்தமங்கலம் தாண்டி, நாமக்கல்லுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறவருக்கு, இணையவழி விண்ணப்பத்தையும் பயிற்சிச் சான்றையும் யார் வழிகாட்டிப் பெற்றுத் தருவது? நிபந்தனை நியாயமாக இருந்தால் மட்டும் போதாது, அது எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும்.

யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை

ஆயுதம் இந்த நாட்டில் எப்போதுமே சாதியோடும் நிலத்தோடும் சேர்ந்தே வந்திருக்கிறது. வைசிராய் லிட்டன் காலத்தில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமத்துக்கு அலைய வைத்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு தந்தது. தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் மக்கள் கட்டுப்பாட்டில் வழங்கப்பட வேண்டும் என்பது, 1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் காந்தி வைசிராய் இர்வின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் ஒன்று. அண்ணல் அம்பேத்கர் இன்னும் ஆழமாகப் பார்த்தார். இந்தியாவில் அடித்தட்டு மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்விக்கு, நால்வருண முறை அவர்களுக்குக் கல்வியையும் ஆயுதத்தையும் சேர்த்தே மறுத்தது என்பதை 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் விடையாக வைத்தார்.

தமிழ்நாட்டில் அதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் நிலவுடைமையாளர் தரப்பு துப்பாக்கிகளோடு வந்தது. கூலி உயர்வு கேட்ட சேரியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள்.

இந்த வரலாற்றை நம் சட்டம் மறக்கவில்லை என்பதும் உண்மை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் இயற்றப்பட்ட விதிகளில் 3ஆவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் காணப்பட்ட இடத்தில், தேவையென்று கருதினால், பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை மாநில அரசு ரத்து செய்யலாம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அவற்றின் தயாரிப்பைத் தடுக்க வேண்டும். தேவையென்று கருதினால் பட்டியலின, பழங்குடி மக்களுக்கு அவர்களின் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காக ஆயுத உரிமம் வழங்க வேண்டும்.

மூன்றும் ஒரே விதியின் அடுத்தடுத்த உட்பிரிவுகள். நடுவில் உள்ள பறிமுதல் பற்றி நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். முதலாவதும் மூன்றாவதும் எத்தனை முறை பயன்படுத்தப்பட்டன என்று மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டங்களில் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

பக்கத்து மாநிலத்தையும் பார்ப்போம். கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர் சமூகத்தினருக்கும் ஜம்மா நில உரிமை பெற்றவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் உரிம நிபந்தனையிலிருந்தே மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடரும் இந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. துப்பாக்கி அவர்கள் பண்பாட்டின் பகுதி என்பது காரணம். எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லும் என்றது. கொடவர்களுக்குக் கிடைத்ததைப் பறிக்கச் சொல்லவில்லை. நிலமும் செல்வாக்கும் உள்ள சமூகத்தின் துப்பாக்கி பண்பாடு என்றால், மலையாளிப் பழங்குடியின் துப்பாக்கி மட்டும் எப்படிக் 'கள்ளத் துப்பாக்கி' ஆனது? வில்லாற்றலுக்குப் பேர்போன வல்வில் ஓரிக்கு ஆடி மாதத்தில் செம்மேட்டில் அரசு விழா எடுக்கிறது. ஓரியின் மலையில் வாழ்கிறவருக்கு விலக்குக்கூட வேண்டாம்; விண்ணப்பப் படிவமாவது தரலாமே.

கடை வைக்கலாமா?

சட்டப்படி ஒரு துப்பாக்கிக் கடை வைக்கவோ பழுது பார்க்கும் உரிமம் பெறவோ பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்குத் தடை எதுவும் இல்லை. இந்தத் தொழில் தலைமுறை தலைமுறையாக நகரத்துச் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வருவதற்குச் சட்டம் காரணமல்ல. முதல், கட்டடம், அதிகாரிகளோடு பழக்கம் ஆகியவைதான் காரணம். ஆசைப்படுகிறவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உரிமம் இல்லாமல் ஒரு துப்பாக்கியைக்கூட விற்பனைக்காக வைத்திருக்கக் கூடாது. எந்த வகை ஆயுதத்துக்கு எந்த அதிகாரி உரிமம் தருவார் என்பது 2016ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில் உள்ளது. கடையில் உறுதியான பாதுகாப்பு அறை வேண்டும். வந்தது, போனது, இருப்பு என ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவேடு வேண்டும். அதிகாரிகள் எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். வாங்க வருகிறவரின் உரிமத்தைச் சரிபார்த்து, விற்றதை அதில் பதிய வேண்டும். ஓர் எண் பிசகினாலும் உரிமம் ஆட்டம் காணும். கருமருந்து விற்பதாக இருந்தால் அது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்குள்ளும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்குள்ளும் வரும். அதற்குத் தனி அனுமதி.

வருமானம் எங்கிருந்து வரும்? புதுத் துப்பாக்கி விற்பனை அரிது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. மிஞ்சுவது தோட்டா விற்பனை, பழுது பார்ப்பு, பாதுகாப்பில் வைத்திருப்பதற்கான கட்டணம். உரிமம் காலாவதியானவர் தன் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று 21ஆவது பிரிவு சொல்வதால் கடைக்காரருக்கு இந்தக் கட்டணம் வருகிறது. மொத்தத்தில், உரிமம் பெற்றவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர்தான் வாடிக்கையாளர்கள். அரசு உரிமம் தராத ஊரில் துப்பாக்கிக் கடை நடக்காது.

பீகாரின் முங்கேர் இதற்குப் பாடம். வங்க நவாப் மீர் காசிம் 1760களில் தன் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை அமைத்த காலம் தொட்டுத் துப்பாக்கி செய்யும் கைகள் அந்த ஊரில் உண்டு. சுதந்திர இந்தியாவிலும் அங்கே தனியார் உற்பத்தியாளர்கள் உரிமத்தோடு, ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்புக்குள் துப்பாக்கி செய்தார்கள். உரிமம் பெற்ற வாங்குவோர் குறையக் குறைய அந்தப் பட்டறைகள் நலிந்தன. வேலை இழந்த கைவினைஞர்கள் சிலர் திருட்டுத்தனமாகச் செய்யப் போனார்கள். இன்று முங்கேர் என்றால் நாடு முழுவதும் காவல்துறைக்கு நினைவுக்கு வருவது கள்ளத் துப்பாக்கி. சட்டத்துக்குட்பட்ட வழி குறுகும்போது கைத்திறன் காணாமல் போய்விடாது, இருட்டுக்குள் போய்விடும்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உரிமம் கைக்கு வரும் முன் கடன் வாங்காதீர்கள், கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். "உரிமம் வாங்கித் தருகிறேன்" என்று இடைத்தரகர் வந்தால் ஒரு ரூபாயும் தராதீர்கள். தொழில் தொடங்கப் பணம் வேண்டுமென்றால், பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்காகத் தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் வணிகச் சாதனையாளர் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. கொல்லிமலையின் மிளகும் காப்பியும் பலாவும் சிறுதானியமும் அந்தப் பணத்துக்குத் துப்பாக்கிக் கடையைவிட நல்ல வேலை கொடுக்கும். பட்டறைத் திறன் உள்ளவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. நாமக்கல்லுக்குப் பக்கத்து மாவட்டமான திருச்சியில் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. மலை இளைஞர்கள் தொழிற்பயிற்சி நிலையம் வழியாக அங்கே தொழில் பழகுநராகப் போக மாவட்ட நிர்வாகம் என்றாவது வழிகாட்டியிருக்கிறதா?

பன்றிக்கும் சட்டம் உண்டு

உரிமம் கிடைத்தாலும் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. பழங்குடிகளின் உரிமைகளை விரிவாக ஏற்ற 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் வேட்டையாடும் மரபுரிமையை வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்வது குற்றமல்ல என்று வனவிலங்குச் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. பயிரை மேய வந்த காட்டுப்பன்றியைத் தானாகச் சுட அது அனுமதி தரவில்லை.

கேரளத்தில் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சமவெளிக்கு இது பொருந்தலாம். வயலும் காடும் கைகோத்துக் கிடக்கும் கொல்லிமலையில் காப்புக்காட்டைவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி எத்தனை வயல்கள் இருக்கும்? இந்த ஏற்பாட்டால் மலை விவசாயிக்குப் பயன் மிகக் குறைவு.

வழி எதுவும் இல்லாதபோது மக்கள் ஆபத்தான வழிகளுக்குப் போகிறார்கள். அவுட்டுக்காய் வைக்கிறார்கள், வயலைச் சுற்றி மின்கம்பி இழுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்ததை நாடே பார்த்தது. யானை இறந்தால் தலைப்புச் செய்தியாகிறது. அதே கம்பியில் விடியற்காலை வயலுக்குப் போன கூலித் தொழிலாளி இறந்தால் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிகிறது.

என்ன செய்யலாம்

மாவட்ட நிர்வாகத்துக்கு நம் கோரிக்கைகள் எளியவை. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது செம்மேட்டில் உரிம முகாம் நடத்துங்கள். வருவாய்த் துறை, காவல்துறை, வனத்துறை மூன்றும் ஒரே மேசையில் உட்காரட்டும். விண்ணப்பமும் காவல் அறிக்கையும் பாதுகாப்புப் பயிற்சியும் அங்கேயே நடக்கட்டும். தகுதி இல்லாதவருக்கு மறுங்கள். ஆனால் எழுத்தில் மறுங்கள்.

துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் ஒவ்வொரு அறிவிப்போடும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முறையையும் சேர்த்து அறிவியுங்கள். 'வழக்கு இல்லை' என்ற வாக்குறுதி ஒலிபெருக்கியில் மட்டும் இருந்தால் போதாது, ஆட்சியரின் எழுத்து அறிவிப்பாக வளப்பூர் நாடு தொடங்கிப் பெரக்கரை நாடு வரை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

பழுது பார்ப்புக்கும் பாதுகாப்பு வைப்புக்கும் மலைவாழ் மக்களின் லேம்ப் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிமம் தர முடியுமா என்று அரசு ஆராயட்டும். தனியாளால் கட்ட முடியாத பாதுகாப்பு அறையைச் சங்கத்தால் கட்ட முடியும். பதிவேடு சங்கத்தில் இருந்தால் ஒவ்வொரு துப்பாக்கியும் அரசின் கண்ணில் இருக்கும். பயிர் காக்கும் பருவம் முடிந்ததும் துப்பாக்கி அங்கேயே பூட்டப்பட்டால் வீட்டிலும் பயமில்லை.

பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கையில் கிடைக்கட்டும். இழப்பீடு வேகமாக வந்தால் துப்பாக்கியின் தேவையே பாதி குறையும்.

வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியவை உண்டு. வீட்டில் உரிமம் இல்லாத துப்பாக்கி இருந்தால், தாத்தா காலத்தது என்பது நீதிமன்றத்தில் கைகொடுக்காது. ஒப்படைப்பு அறிவிப்பு வரும்போது வழக்கறிஞரின் துணையோடு ஒப்படையுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பட்டியலின, பழங்குடி மக்கள் அனைவருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி தருகிறது. நாமக்கல் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றோடு போய்க் கேளுங்கள். யாராவது கைதானால் முதல் நாளே அங்கே சொல்லுங்கள். வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் வழக்கு என்றால், 39ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. அந்த அனுமதி ஆணை இருக்கிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். உரிமத்துக்கு விண்ணப்பித்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அலுவலகத்தைவிட்டு வராதீர்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் நிலையைக் கேளுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

கொல்லிமலையில் அடுத்த துப்பாக்கிப் பறிமுதல் செய்தி வரும்போது அந்த நாலு வரியோடு இன்னொரு வரியையும் நாம் தேடுவோம்: இந்த ஆண்டு இந்த மலையில் எத்தனை பேர் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, மறுக்கப்பட்டவர்களுக்கு என்ன காரணம் எழுதப்பட்டது? கைது எண்ணிக்கையை வெளியிடும் மாவட்ட நிர்வாகம் இந்த எண்ணிக்கையையும் வெளியிடட்டும்.